மஞ்சள் இருக்கையில் ஒருத்தி

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கேட்கப்போவதில்லை. வாசித்துவிட்டுச் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது எனக்கு. என் வீட்டில், விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது நடந்தது. அதுவும் நடுச்சாமத்தில் அல்ல. கீழே டெப்பனர் கடையில் சனம் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு நிற்கிற மாலை ஆறு மணிக்கு.

என் பெயர் அஞ்சலீனா. சொந்த ஊர் மன்னார், பேசாலை. 2006இல் திருச்சியில் வைத்துக் கலியாணம் முடித்து, அடுத்த வருடம் செப்டம்பரில் மொன்ட்ரியாலுக்கு வந்தேன். நகரின் வில்லரேப் பகுதியில், இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு. பகலில் பிரெஞ்சு வகுப்பு. வகுப்பில் பேசுவது ஒன்றும் விளங்காது. வெளியே பேசுவதும் விளங்காது. அந்த நகரம் முழுவதிலும் எனக்கென்று இருந்தவர் ஒரே ஒருவர், என் கணவர் டனிஸ்ரன். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற வேலை அவருக்கு.

அவரை நான் எவருடனும் பங்கு போட ஆயத்தமாக இருக்கவில்லை. ஒரு ஸ்ரேடியத்துடன்கூட.

ஆம், ஸ்ரேடியம்தான். நான் வகுப்பு முடிந்து வரும்போது அவர் வேலையால் வந்து, கணினிக்கு முன்னால் இருப்பார். திரையைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு சிரிப்பை அவர் என்னைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை.

“என்ன பாக்கிறியள்?”

“ஸ்ரேடியம்.”

“அதிலை சிரிக்கிறதுக்கு என்ன கிடக்கு?”

“வந்து பாரன். கிழக்குப் பக்கம் கதிரை பூட்டத் தொடங்கீட்டாங்கள்.”

அது ஹங்கேரியில் ஒரு சிறிய நகரம். ஊரின் பெயரையும் கிளப்பின் பெயரையும் நான் எழுதமாட்டேன். அங்கே சனிக்கிழமைகளில் இன்னும் சனம் பிள்ளைகுட்டிகளோடு உதைபந்தாட்டம் பார்க்கப் போகிறது.

1996இல் கனடாவுக்கு வருகிற வழியில், கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கைவிட்டுப் போனதால், டனிஸ்ரன் அந்த நகரத்தில் எட்டு மாதம் மாட்டிக்கொண்டார். கூடவே, அதே ஏஜென்சிக்காரனோடு வந்த அருமைநாதன் அண்ணையும். கிளப்பின் மைதானத்தைப் பராமரித்த லாயோஷ் என்கிற மனிதர் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். பழைய மரப் படிகளுக்குக் கீழே ஓர் அறை. அதற்குப் பதிலாகப் புல் வெட்டுவது, சுண்ணாம்பால் கோடு போடுவது. பின்னேரங்களில் கிளப்பின் இரண்டாம் அணியோடு இவரும் விளையாடியிருக்கிறார். “நீ போகாதே, உன்னைப் பதிவு செய்கிறோம்” என்று பயிற்சியாளரே சொன்னாராம். கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாதவரை எப்படிப் பதிவு செய்வது? வந்துவிட்டார்.

“என்னை வா எண்டு கேட்ட ஒரே இடம் அதுதான்” என்று ஒருநாள் சொன்னார். நானும் இவர்தான் வேண்டும் என்று கேட்டுத்தானே வந்தேன்?

அந்தப் பழைய மைதானத்தை இடித்துவிட்டு அதே நிலத்தில் புது ஸ்ரேடியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை நடப்பதை ரசிகர்கள் பார்ப்பதற்காகக் கிளப் மேற்குக் கூரையில் ஒரு கமரா வைத்திருந்தது. இணையத்தில் போனால் யாரும் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒருமுறை படம் மாறும். மூலையில் அந்த ஊர் நேரம் தெரியும். எங்களைவிட ஆறு மணித்தியாலம் முன்னால். எங்களுக்கு மாலை ஆறு என்றால் அங்கே நள்ளிரவு.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து அருமைநாதன் அண்ணை சாப்பிட வந்தார். நகரின் வடக்கே, மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறவர். வாய் நிறையச் சோறோடு சொன்னார்:

“பாத்தனியே டனிஸ்ரன்? மாரிக்கா உடுப்புக் காயப்போட்ட கொடி கட்டின இடத்திலை இப்ப நாலு மாடி எழும்பி நிக்குது.”

டனிஸ்ரன் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு மீன்குழம்பு நல்லாயிருக்கிறது என்றார்.

அண்ணை போகும்வரை பொறுத்திருந்தேன்.

“ஆர் மாரிக்கா?”

“லாயோஷின்ர மகள். கிளப் சேட்டெல்லாம் தோய்க்கிறவள். வேறை ஒண்டுமில்லை.”

“பின்னை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லை.”

லாயோஷ் வளர்த்த நாயின் பெயரை எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த நாய்க்கு எந்தக் காலில் நொண்டல் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். மகள் ஒருத்தி இருந்ததை மட்டும் சொல்ல மறந்துபோனாராம்.

அன்றிலிருந்து என் நெஞ்சுக்குள் ஒன்று எரியத் தொடங்கியது. சமைக்கும்போதும் எரியும், செபமாலை சொல்லும்போதும் எரியும். அவர் பார்ப்பது ஸ்ரேடியத்தை அல்ல, அந்தக் கொடி கட்டியிருந்த இடத்தை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

நவம்பரில் அவருக்குப் பின்னேர வேலை வந்தது. வகுப்பு முடிந்து வந்தால் வீட்டில் நான் மட்டும்தான். முதல் நாளே கணினியைத் திறந்தேன். குளிர் ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை. அவர் பார்க்கிற அந்தப் பக்கத்தை நானும் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. கட்டி முடியாத இடம். மூன்று பக்கமும் வெறும் கொங்கிரீட். கிழக்குப் பக்கம் மட்டும் மஞ்சள் இருக்கைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. காவலுக்கு விட்ட ஒற்றை விளக்கு அந்தப் பக்கத்தில் ஒரு துண்டை மட்டும் வெளிச்சமாக்கியது.

படம் மாறியது. ஒன்றுமில்லை.

மறுபடி மாறியது.

ஆறாவது வரிசையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

பெண்தான். நீளப் பின்னல் ஒன்று தோளுக்கு முன்னால் கிடந்தது. வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. ஆனால் கமராவுக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வரவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், பயம் வரவே இல்லை. எரிச்சல்தான் வந்தது. ‘இவர் பார்க்கிறார் என்று தெரிந்து வந்து குந்திக்கொண்டிருக்கிறாள்’ என்று நினைத்தேன். பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்குள் அந்த நேரத்தில், அந்தக் குளிரில் எப்படி வந்தாள் என்று நான் யோசிக்கவேயில்லை.

அப்போதுதான் அவளுடைய ஜக்கெற்றைக் கவனித்தேன். கரும்பச்சை. இடது கையில் வெளிச்சம் பட்டால் மினுங்குகிற வெள்ளைப் பட்டி.

குனிந்து என் கையைப் பார்த்தேன். அதே ஜக்கெற். அதே பட்டி.

அன்று அவர் வேலையால் வந்ததும் வாசலிலேயே கேட்டேன்.

“இந்த ஜக்கெற்றை எங்கை வாங்கினியள்?”

“ப்ளாசாவிலை. ஏன்?”

“ஒண்டோ, ரெண்டோ?”

அவர் சப்பாத்துக் கழற்றுவதை விட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “உனக்கு எத்தினை ஜக்கெற் வேணும்?” என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஒன்றை எனக்குத் தந்துவிட்டு மற்றதை அவளுக்கு அனுப்பியிருக்கிறார். வேறென்ன?

அடுத்த நாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும். அவள் வருவாள். எல்லா நாளும் ஆறாவது வரிசை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணெடுக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பேன். அவளும் அசையமாட்டாள்.

அந்த நாட்களில் சில சின்னச் சின்ன விஷயங்கள் பிழையாக இருந்தன. ஆறு மணிக்குக் குந்தினால் ஐந்து நிமிடம் போனதுபோல இருக்கும், மணிக்கூட்டைப் பார்த்தால் ஏழே முக்கால். ஹீற்றர் வேலை செய்யும், என் விரல்கள் மட்டும் நீலமாகிக் கிடக்கும். அறைக்குள் வெட்டிய புல்லின் மணம் வரும். வெளியே முழங்காலளவு பனி. புல் எங்கே இருந்தது?

ஒருநாள் கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரப் பெண்மணி என்னைப் படியில் கண்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டார். நான் விளங்காமல் நிற்க, மெதுவாகத் திரும்பச் சொன்னார். நேற்று ஆறரைக்கு என் வீட்டுக் கதவைப் பத்து நிமிடம் தட்டினாராம். உள்ளே வெளிச்சம் இருந்ததாம். நான் ஏன் திறக்கவில்லை என்று கேட்டார்.

நேற்று ஆறரைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். ஒரு தட்டும் கேட்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை. நாள் முழுவதும் சோட்டியோடு, வீட்டில் போடுகிற நீளச் சட்டையோடு, கிடந்தேன். ரோஸ் நிறத்தில் வெள்ளைப் பூப்போட்ட சோட்டி. பேசாலையில் அம்மா தன் கையால் தைத்துத் தந்தது. கழுத்துக்குத் துணி போதாமல் அதில் மட்டும் நீலத்தில் ஒரு கரை வைத்திருந்தார். அப்படி ஒன்று உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

ஆறு மணிக்கு எழும்பிப் போய்க் கணினியைத் திறந்தேன்.

படத்தில் மழைப்பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஆறாவது வரிசை.

அவள் இருந்தாள். ஜக்கெற் இல்லை.

ரோஸ் நிறம்... வெள்ளைப் பூ...

கழுத்தில் நீலக் கரை.

நான் கத்தினேனா என்று தெரியாது. கணினியின் வயரை இழுத்துக் கழற்றினேன். குசினிக்குள் ஓடி எல்லா விளக்கையும் போட்டேன். அவர் வந்ததும் அழுதழுது சொன்னேன். அவர் உடனே கணினியைப் போட்டுப் பார்த்தார். இருட்டு, காலி இருக்கைகள். என் நெற்றியில் கை வைத்தார்.

“காய்ச்சல் நூற்றிமூண்டு இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“அவள் என்னை மாதிரி உடுத்துக்கொண்டு வாறாள். என்ர இடத்துக்கு வரப்போறாள்.”

“ஆர்?”

“உங்கடை மாரிக்கா.”

அவர் என் ஜக்கெற்றை எடுத்து என் தோளில் போட்டார். “அவள் கலியாணம் கட்டி, பிள்ளையும் இருக்கு” என்றார். அதை அவர் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறார் என்று நினைத்தபோது, அந்தக் காய்ச்சலிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிறு பெரிய பனிப்புயல் அடித்தது. டனிஸ்ரன் அன்று மேலதிக வேலை என்று காலையிலேயே போய்விட்டார். பின்னேரம் அழைத்து, விமானங்கள் ஓடவில்லை, பஸ்ஸும் இல்லை, வரச் சுணங்கும் என்றார்.

நான் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தேன்.

ஆறு மணிக்குப் பார்த்தேன்.

ஆறாவது வரிசை காலி. ஒருத்தியும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

படம் மாறியது.

கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ.

படம் மாறியது.

பெரிய வாசல். அவள் முதுகு. வெறுங்கால்.

வெளியே போகிறாள்.

எங்கே போகிறாள்..?

யாரிடம்..?

படம் மாறியது.

காலி.

டக்... டக்... டக்...

இரும்புப் படியில் யாரோ.

டக்...

“அஞ்சலீனா! அஞ்சலீனா!”

டனிஸ்ரன் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நான் அதே கதிரையில் இருந்தேன். திரை அணைந்து கறுப்பாக இருந்தது. மணி எட்டு தாண்டிவிட்டது.

“எங்கை போனனி? கதவு அகலத் திறந்து கிடக்கு!”

“நான் எங்கையும் போகேல்லை.”

அவர் என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பாதமும் நனைந்து, சேறு அப்பிக் கிடந்தது. விரல் இடுக்கில் புல். பச்சைப் புல்.

அவர் ஓடிப்போய் வெளிப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு படியிலும் பனி குவிந்திருந்தது. அதில் அவர் ஏறிவந்த சப்பாத்து அடையாளம் மட்டும்தான் இருந்ததாம்.

அவர் சுடுதண்ணீர் கொண்டுவந்து என் காலைக் கழுவிவிட்டார்.

டிசம்பர் 25, நத்தாரன்று மொன்ட்ரியால்-நோரில் அண்ணை வீட்டுக்குப் போனோம். அண்ணை வருடாவருடம் நத்தாருக்கு லாயோஷை அழைப்பார். அன்றும் அழைத்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். கிழவர் சத்தம் போட்டுச் சிரித்தார். டனிஸ்ரனும் தெரிந்த ஹங்கேரிய மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“மாரிக்கா” என்றார் இவர்.

அந்தப் பெயரை அவர் சொன்ன விதம், பழகிய வாய் சொல்வதுபோல இருந்தது. நான் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டேன்.

அவள் பேசிக்கொண்டே போனாள். குரல் உடைந்தது. டனிஸ்ரனின் சிரிப்பு நின்றது.

“என்னடா?” என்றார் அண்ணை. “எனக்கு அரைவாசி விளங்கேல்லை.”

“புது ஸ்ரேடியத்திலையும் அவள்தான் உடுப்புத் தோய்க்கிறாள். நவம்பரிலையிருந்து ராத்திரியிலை அங்கை ஒரு பொம்பிளை வந்து இருக்கிறாவாம். கிழக்குப் பக்கம். காவல்காரனும் கண்டவனாம்.”

“என்ன மாதிரிப் பொம்பிளையாம்?”

டனிஸ்ரன் கேட்டார். அவள் சொன்னாள். அவர் அதைத் தமிழில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

“சொல்லுங்கோ” என்றேன்.

“எங்கடை நிறமாம்... நீளப் பின்னலாம்... பூப்போட்ட நீளச் சட்டையாம். கழுத்திலை நீலக் கரையாம்.”

டனிஸ்ரன் மறுபடி அவளிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு வீட்டுக்கே வந்திட்டாவாம். மகளின்ர கட்டிலிலை வந்து இருக்கிறாவாம். மாரிக்காவைப் பாத்து ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லுறாவாம். என்ன பாஷை எண்டு தெரியேல்லையாம். பிள்ளை... பிள்ளை அதைப் பாடமாக்கி வைச்சிருக்காம்.”

தொலைபேசியில் ஒரு சரசரப்பு. தாய் ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது.

பிறகு ஒரு சின்னப் பிள்ளையின் குரல். ஐந்து வயது இருக்கும்.

“அவர்... என்ர... மனுசன்.”

தெளிவான தமிழ்.

“விட்டிடு... விட்டிடு...”

பேசாலைத் தமிழ்.

அண்ணை எட்டித் தொலைபேசியை அணைத்தார்.

நான் இன்றுவரை ஹங்கேரியில் கால் வைத்ததில்லை. அந்த வார்த்தைகளை வாய்விட்டு யாரிடமும் சொன்னதுமில்லை. நெஞ்சுக்குள் சொல்லியிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்திருந்த நாளெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் டனிஸ்ரன் கணினியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவோரம் வைத்துவிட்டார். அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்ட பிறகு என்னுள் எரிந்தது எங்கே போனதென்று எனக்கே தெரியாது. தேடினாலும் கிடைக்கவில்லை. மாரிக்கா அடுத்த மாதமே கணவரின் ஊருக்குக் குடிபோய்விட்டாள் என்று அண்ணை சொன்னார். அந்த ஊர் வீட்டுக்கு ஒருத்தியும் வருவதில்லையாம். வசந்தத்தில் ஸ்ரேடியம் திறந்தார்கள். கமராவையும் கழற்றிவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

2009 ஏப்ரலில் எங்களுக்கு மகன் பிறந்தான்.

அவனுக்கு மூன்று கிழமை ஆனபோது லாயோஷ் தானாகவே அண்ணையை அழைத்திருக்கிறார். கிளப் அந்தப் பருவத்தில் நன்றாக விளையாடியதாம், அதைச் சொல்ல. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாராம். கிழக்குப் பக்கம், ஆறாவது வரிசையில் ஓர் இருக்கைக்குக் கிளப் இப்போது ரிக்கெற் விற்பதில்லையாம். காவல்காரர்கள் கேட்டுக்கொண்டார்களாம்.

அவள் இன்னும் வருகிறாளாம்.

மகன் பிறந்ததை அண்ணை அப்போது லாயோஷிடம் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்று கிழமையாக அவளுடைய மடியில் ஒரு குழந்தை இருக்கிறதாம்.